கதவைச் சாத்திக் கொடுங்கள்

எனக்குப் பெரியம்மாக்கள் மூன்று பேர். மூவருக்கும் சர்க்கரை வியாதி உண்டு. ஆகையால், இந்த வாரம் நான் சொல்லப் போவது எந்தப் பெரியம்மாவைப் பற்றி என்று உறவினர்கள் யாரும் ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம். "எழுதிக்கோ, ஆனால் பேரை மட்டும் போடாதே" என்ற நிபந்தனையின் பேரில்தான் எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

பெரியம்மாவிடம் பால் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. அதன் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, பதினொரு வருஷமாகத் தம்முடைய சர்க்கரைக் கணக்கையும் எழுதி வந்தார். காலையில் வெறும் வயிற்றில் இத்தனை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இத்தனை என்று தேதிவாரியாக இருக்கும். நடுநடுவே சிறு குறிப்புகளும் உண்டு. "கல்யாண வீடு. ஒரு ஜாங்கிரி." அத்தனை நேர்மை!

சென்ற வருஷம் அந்த நோட்டில் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்க ஆரம்பித்தன. செவ்வாய்க்கிழமை விழுங்க வேண்டிய மாத்திரை, வெள்ளிக்கிழமை வரை டப்பாவிலேயே இருந்தது. மாலை நேரத்து நடை நின்று போயிற்று. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்வார்களே, அது ஏழரையிலிருந்து பத்துக்குத் தாவிவிட்டது.

வீட்டில் உடனே விசாரணைக் கமிஷன் கூடிற்று. "ஒளித்து வைத்து ஸ்வீட் சாப்பிடுகிறீர்களா, அம்மா?" என்று கேட்டான் மகன். பேரன் அலமாரியைச் சோதனை போட்டான். நானும் சும்மா இருக்கவில்லை. காலேஜில் படித்தவள் அல்லவா? "மனசில் ஒரு ஒழுங்கு வேணும், பெரியம்மா" என்று ஒரு சிறு பிரசங்கம் செய்துவிட்டு வந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஜாங்கிரிக்குக் கூடக் கணக்கு எழுதியவருக்கா நான் ஒழுங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்?

டாக்டர் அம்மாள் எங்களைவிடக் கெட்டிக்காரர். பத்து என்ற எண்ணைப் பார்த்ததும் கோபித்துக் கொள்ளவில்லை. இரண்டே இரண்டு விஷயங்கள் கேட்டார். கடந்த இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பு இல்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்து, இனி என்ன இருக்கிறது என்று தோன்றுகிறதா? பெரியம்மா பதில் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக் கொண்டார். பக்கத்தில் நின்ற மருமகளுக்கு அப்போதுதான் புரிந்தது. பெரியப்பா காலமான நாளிலிருந்து எல்லோரும் அந்த அம்மாளிடம் "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டோமே ஒழிய, "மனசு எப்படி இருக்கிறது?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

சர்க்கரைக்கும் சஞ்சலத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 17-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர், நீண்ட நாள் துக்கத்தினால் இந்த வியாதி உண்டாவதாக எழுதி வைத்தார். துக்கம் ஒன்றுதான் காரணம் என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இரண்டும் அடிக்கடி கைகோத்துக் கொண்டு வருகின்றன என்பது மட்டும் நிச்சயம். 42 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்து அமெரிக்காவில் 2001-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரு மடங்கு. நம் தேசத்திலோ 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கூறுகிறது. அப்படியானால் வாய் திறக்காமல் தவிப்பவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

காரணம் விளங்காத மர்மம் அல்ல. கவலையும் பயமும் மிஞ்சும்போது உடம்பில் சுரக்கும் சில நீர்கள் சர்க்கரையை ஏற்றிவிடுகின்றன. மனம் சோர்ந்தவருக்கு மாத்திரையை எடுத்து வாயில் போடுவதே மலையைப் புரட்டுகிற வேலை. சர்க்கரை ஏற ஏற உடம்பு களைக்கிறது. களைத்த உடம்பு மனத்தை இன்னும் கீழே இழுக்கிறது. செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான்.

இதைத் தவிர இன்னொரு சங்கடமும் உண்டு. சர்க்கரை வியாதிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்கு, ஒவ்வொரு விசேஷத்திலும் உபதேசம், கண் போய்விடுமோ கால் போய்விடுமோ என்ற பயம். வியாதியை நிர்வகிக்கும் இந்தப் பாரமே ஒரு தனித் துன்பம் என்பதை 1995-ல் பொலான்ஸ்கி என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் எடுத்துக்காட்டி, அதை அளப்பதற்கு 20 கேள்விகள் அடங்கிய பட்டியலையே தயாரித்தார்கள்.

பெரியம்மாவுக்கு டாக்டர் செய்த ஏற்பாடு, வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் மனநல ஆலோசகர் ஒருவருடன் டெலிபோனில் பேசுவது. "பேசினால் சர்க்கரை குறையுமா? அதுவும் போனிலா?" என்று மகன் சிரித்தான். நானும் உள்ளூரச் சிரித்தேன். அப்புறம் தேடிப் படித்த பிறகுதான் வாயை மூடிக் கொண்டேன்.

இந்தப் பேச்சு ஊர்வம்பும் அல்ல, உபதேசமும் அல்ல. ஆரன் பெக் என்ற அமெரிக்க டாக்டர் 1960-களில் வகுத்த முறை இதற்கு அடிப்படை. ஓர் உதாரணம் சொல்கிறேன். காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் 240. உடனே மனசு, "எத்தனை செய்து என்ன பயன்? எல்லாம் வீண்!" என்கிறது. அதை அப்படியே நம்பி, நடக்கப் போகாமல் படுத்துவிடுகிறோம். மறுநாள் 260. "பார்த்தாயா, நான் சொன்னேனே!" என்று மனசு ஜெயித்துவிடுகிறது. ஆலோசகர் அந்த இடத்தில்தான் கை வைக்கிறார். 240 என்பது ஒரு எண். "எல்லாம் வீண்" என்பது ஓர் எண்ணம். எண் வேறு, எண்ணம் வேறு என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக் கொடுக்கிறார். பிறகு மிகச் சின்னதாக ஒரு வேலை கொடுக்கிறார். தெருக்கோடி வரை நடப்பது, பழைய சிநேகிதி ஒருத்திக்குப் போன் செய்வது, இப்படி. செய்தபின் மனசு எப்படி இருந்தது என்று அடுத்த வாரம் கேட்கிறார்.

1998-ல் அமெரிக்காவில் இந்த முறையை, நீரிழிவோடு மனச்சோர்வும் உள்ள 51 பேரிடம் பரீட்சித்தார்கள். நேரில் பேசித்தான். பத்து வார முடிவில், பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 85 பேருக்குச் சோர்வு நீங்கியது. பெறாதவர்களில் 27 பேருக்குத்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களுடைய சர்க்கரைச் சராசரியும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

சரி, டெலிபோனில்? மிச்சிகன் மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் அதற்கும் பதில் வெளியிட்டார்கள். 291 பேர் அதில் பங்கு கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரோடு பயிற்சி பெற்ற நர்சுகள் முதலில் வாரா வாரம், பிறகு மாதா மாதம் போனில் பேசினார்கள்; நடக்கவும் தூண்டினார்கள். வருஷ முடிவில், போனில் பேசியவர்களில் 100-க்கு 58 பேருக்குச் சோர்வு விலகியிருந்தது. மற்றவர்களில் 39 பேருக்கு. நடை நாளைக்கு ஆயிரம் அடிக்கு மேல் அதிகரித்தது. ரத்த அழுத்தமும் சற்று இறங்கியது. சர்க்கரைச் சராசரியில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பேச்சு, இன்சுலினுக்குப் பதில் அல்ல. இன்சுலினை ஒழுங்காகப் போட்டுக் கொள்ளும் மனத்தைத் திருப்பித் தருவதற்குத்தான் அது.

"அமெரிக்காக் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்க் கதையும் உண்டு. சென்னை, பெங்களூர், டில்லி, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு ஊர்களில் 404 நோயாளிகளிடம் நடத்திய ஆராய்ச்சி 2020-ல் வெளியாயிற்று. டாக்டர் அல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் நோயாளியின் உடம்பு, மனம் இரண்டையும் விடாமல் விசாரித்து வந்தார். பின்னால் டாக்டர்கள் துணை நின்றார்கள். இரண்டு வருஷ முடிவில், சோர்வு பாதியாவது குறைந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது முன்னேறியவர்கள் 100-க்குச் சுமார் 72 பேர். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 57 பேர். கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

நம் பெண்களுக்கு டெலிபோன் ஏன் சௌகரியம் என்று விளக்க வேண்டியதில்லை. மனநல டாக்டர் வீட்டு வாசலில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்? சமையலைப் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போவது யார்? காலில் புண் உள்ளவர் படியேறுவது எப்படி? போனில் இந்தத் தொல்லைகள் ஒன்றும் இல்லை.

ஆனால் வேறு ஒரு தொல்லை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

முதல் வாரம் பெரியம்மா கூடத்து சோபாவில் உட்கார்ந்து பேசினார். எதிரே டெலிவிஷன். ஒரு பக்கம் மகன் பத்திரிகை படிக்கிற பாவனையில் காதைத் தீட்டிக் கொண்டிருந்தான். மறுபக்கம் பேரன். ஆலோசகர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பெரியம்மா, "நல்லா இருக்கேம்மா", "ஒரு குறையும் இல்லைம்மா", "என் பிள்ளை தங்கம்மா" என்றே பதில் சொன்னார். கடைசியில் ஆலோசகர், "அம்மா, உங்கள் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்றாராம். "ஆமாம்" என்றார் பெரியம்மா. அந்த அரை மணியில் அவர் பேசிய உண்மை அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் மருமகள் ஒரு காரியம் செய்தாள். தன் படுக்கை அறையைத் துடைத்து, ஒரு நாற்காலி போட்டு, தண்ணீர் செம்பு வைத்தாள். "அத்தை, நீங்கள் உள்ளே பேசுங்கள். நானும் இவரும் குழந்தையை அழைத்துக் கொண்டு பார்க்குக்குப் போகிறோம். வர முக்கால் மணி நேரம் ஆகும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது பெரியம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. மகன் வாயைத் திறந்தான். மருமகள் ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக் கொண்டான். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காபி கலக்கட்டுமா, அத்தை? சர்க்கரை இல்லாமல்."

அன்றிலிருந்து ஐந்து மாதமாக வாரா வாரம் அந்த அறையின் கதவு சாத்தப்படுகிறது. உள்ளே என்ன பேசுகிறார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பெரியப்பாவைப் பற்றி இருக்கலாம். எங்களைப் பற்றியே இருக்கலாம். மருமகளைப் பற்றிய புகார்கூட இருக்கலாம்! அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கதவைச் சாத்திக் கொடுக்கிறாளே, அதுதான் பெரிய மனசு.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், முதலில் அவருடைய நீரிழிவு டாக்டரிடமே மனசைப் பற்றியும் சொல்லச் சொல்லுங்கள். மத்திய அரசாங்கம் 2022-ஆம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி ஆரம்பித்த 'டெலி மானஸ்' என்ற சேவையும் இருக்கிறது. 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வேறு எங்கே பணம் கொடுத்துப் பேசினாலும், எதிர் முனையில் இருப்பவர் என்ன படித்தவர், எங்கே பயிற்சி பெற்றவர் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். புடவை வாங்கும்போது சாயம் போகுமா என்று கேட்கிறோமே!

சில எச்சரிக்கைகளும் தேவை. திடீரென்று படபடப்பு, வேர்வை, கை நடுக்கம் என்றால் அது பயமாகவும் இருக்கலாம், சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம். வெளிக்கு இரண்டும் ஒரே மாதிரி. முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், விழுங்கும் நிலையில் உள்ளவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கி விழுங்க முடியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பேசத் தொடங்கிவிட்டோம் என்று எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். "இனி இருந்து என்ன?" என்ற பேச்சு வந்தாலும், வேண்டுமென்றே இன்சுலினைத் தவிர்ப்பதாகத் தெரிந்தாலும், அடுத்த வாரத்துப் போனுக்குக் காத்திராதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் நேரில் அழைத்துப் போங்கள்.

போன வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று மாதச் சராசரி எட்டே முக்காலுக்கு இறங்கியிருக்கிறது. அதிசயம் ஒன்றும் இல்லை; இன்னும் இறங்க வேண்டும். பால் கணக்கு நோட்டு மேஜைமேல் கிடந்தது. கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன். வெறுமையாகக் கிடந்த பக்கங்களுக்குப் பிறகு மறுபடியும் தேதிகள். நேற்றைய தேதிக்கு எதிரே, அவருடைய பழைய கையெழுத்தில் ஒரு குறிப்பு: "தெருக்கோடி வரை நடை. அரை ஜாங்கிரி."

நான் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.