அறந்தாங்கிக்குத் தொத்துநோய் நிபுணர்

தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த அறந்தாங்கி, 1974-ம் வருஷத்தில் புதிதாய் அமைந்த புதுக்கோட்டை ஜில்லாவோடு இணைந்தது. புதுக்கோட்டை நகரில் 2017-ல் அரசாங்க வைத்தியக் கல்லூரி ஏற்பட்ட பின், ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரி என்னும் பதவி அறந்தாங்கியை வந்தடைந்தது. பதவி வந்தது நன்று. ஆனால் பெயர்ப்பலகையால் மாத்திரம் காய்ச்சல் தணிந்துவிடாது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஆவுடையார்கோவில் பக்கத்துச் செம்படவரும் குடியானவரும் நம்பி வரும் இவ்விடத்தில், தொத்துநோய் நிபுணரின் சேவை இருக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

அந்நிபுணர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். உண்ணிக் காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். தமிழ் நாட்டுக் கிராமங்களில் இது அபூர்வமன்று. டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் போலவே தொடங்கும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ இருக்கும் ஒரு சிறு கரும்புண்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். தேடுபவர் கண்ணுக்கே அது படும். வழக்கமாய்ப் போடும் பெனிசிலின் வகை ஊசிகள் இதற்குப் பயன்படா. விலை மலிந்த டாக்ஸிசைக்ளின் பயன்படும். நோய் கடுமையானபோது அதனுடன் அஸித்ரோமைஸினையும் சேர்த்துக் கொடுப்பதே மேலென்று வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியார் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி 2023-ல் வெளியாயிற்று. இவ்வறிவு வேலூரில் பிறந்து வேலூரிலேயே நின்றுவிட்டால் அறந்தாங்கி நோயாளிக்கு என்ன லாபம்?

நிபுணரின் வேலை ஒரு வார்டோடு முடிவதன்று. எந்த மருந்து, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று மற்ற வைத்தியருக்கு யோசனை கூறுவதும், ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்கு நோய் பரவாமல் தடுப்பதும், ஊரில் புதிய நோய் தலைகாட்டினால் சுகாதார இலாகாவை எச்சரிப்பதும் அவர் கடமைகளே. மருந்தைக் குறைவாய் உபயோகித்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கே 1945-ல் எச்சரித்தார். நமது தேசத்து வைத்தியர்கள் 2012-ல் சென்னையில் கூடி அவ்வபாயத்தைப் பற்றிப் பிரகடனமே செய்தனர். 2014-ல் சர்க்கார் பல மருந்துகளின் விற்பனைக்குக் கட்டுப்பாடும் விதித்தது. சட்டம் கடைக்காரனைத் தடுக்கலாம். நோயாளியின் படுக்கையருகில் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க அதனால் ஆகாது.

இத்துறையில் உயர்பட்டம் பெற்றவர் நாட்டில் மிகச் சிலரே என்பது மெய். அது காத்திருப்பதற்குக் காரணமாகாது. கல்லூரி நிபுணர் வாரம் ஒருமுறை அறந்தாங்கிக்கு வரட்டும். மற்ற நாட்களில் டெலிபோனில் யோசனை சொல்லட்டும். பயிற்சி பெற்ற ஒரு வைத்தியரும், ஒரு நர்ஸும், இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைச் சாலையும் இங்கே நிலையாய் இருக்கட்டும். இதற்கு ஆகும் செலவு, வீணாய்ப் போடும் விலையுயர்ந்த ஊசிகளின் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது.

1939-ல் ராஜாஜி மந்திரிசபைக் காலத்தில், தொத்துநோயைத் தெரிவிப்பதை வைத்தியரின் கடமையாக்கிப் பொதுஜன சுகாதாரச் சட்டம் செய்த மாகாணம் நம்முடையது. ஆஸ்பத்திரிகளும் சுகாதாரமும் இன்றும் ராஜ்ய சர்க்காரின் பொறுப்பே. ஆகவே டில்லியைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்ள வழியில்லை. அறந்தாங்கி வாசிகள் தங்கள் சட்டசபைப் பிரதிநிதியிடம் இக்கேள்வியைக் கேட்பார்களாக. பதில் வரும்வரை ஓயாமலும் கேட்பார்களாக.