கருவியை வைத்ததும் தண்ணி கறுத்துப் போச்சா? அது டெஸ்ட் இல்லை

ஜாசின் தாமானோ, அலோர் காஜா தோட்டத்து லயமோ, ஃபில்டர் விற்க ஒருவர் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம். ஒரு கிளாஸில் உங்கள் குழாய்த் தண்ணி, இன்னொன்றில் அவருடைய ஃபில்டர் தண்ணி. இரண்டிலும் மின்சாரக் கருவியை வைப்பார். உங்கள் தண்ணி மட்டும் பழுப்பாகிக் கறுக்கும். "பாருங்கம்மா, இதைத்தான் பிள்ளைங்க குடிக்குது" என்பார். அம்மா பயந்துபோய் மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அந்த நிறம் எங்கிருந்து வந்தது?

கருவியின் இரும்புக் கம்பியிலிருந்து! குழாய்த் தண்ணியில் இயற்கையான தாது உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்ந்து இரும்பு கரைகிறது. ஆர்.ஓ. ஃபில்டர் தண்ணியில் உப்பு மிகக் குறைவு. அதனால் நிறம் மாறாது. நம்பிக்கை இல்லையா? அந்தத் தண்ணியில் ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்லுங்கள். அதுவும் கறுக்கும். டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான், கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் அது காட்டும், ஈயத்தை அல்ல.

அப்போ கவலையே வேண்டாமா?

வேண்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி. இரும்பும் மாங்கனீஸும் தண்ணியின் நிறத்தை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். ஈயத்துக்கு நிறமில்லை, சுவையில்லை. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியத் தரப்படி ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது.

2015-இல் ஹாங்காங்கின் காய் சிங் அடுக்குமாடியில் இதுதான் நடந்தது. கட்டடம் புதுசு, சுத்திகரிப்பு நிலையத்திலும் குறையில்லை. கட்டடத்துக் குழாய் இணைப்புகளின் பற்றவைப்பில் ஈயம் இருந்தது. மொத்தம் 11 பொதுக் குடியிருப்புகளில் அது கண்டுபிடிக்கப்பட்டது.

இங்கே யார் சோதிக்கிறார்கள்?

மலாக்காவில் தண்ணீர் வழங்குவது சியாரிகாட் ஆயர் மலாக்கா. அதைக் கண்காணிப்பது ஸ்பான். சுகாதார அமைச்சு சுத்திகரிப்பு நிலையம், நீர்த்தொட்டி, விநியோகக் குழாய் ஆகியவற்றில் மாதிரி எடுக்கிறது. ஆனால் மீட்டரைத் தாண்டி உங்கள் வீட்டுக்குள் ஓடும் பழைய பைப் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. தோட்டத் தொழிலாளர் வீடு என்றால் 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டப்படி குழாய் நீர் வசதி முதலாளியின் கடமை. நிர்வாகம் கேட்காவிட்டால் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம்.

நீங்கள் செய்யக்கூடியது

சந்தேகம் இருந்தால் 'சாம்' அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் ஈயச் சோதனை கேளுங்கள். இரண்டு மாதிரி எடுங்கள்: இரவு முழுக்க திறக்காத குழாயில் காலையில் வரும் முதல் தண்ணி ஒன்று, சில நிமிடம் ஓடவிட்டபின் ஒன்று. முதலாவதில் மட்டும் ஈயம் அதிகம் என்றால், கோளாறு பெரும்பாலும் உங்கள் பைப்பில்தான்.

ரிப்போர்ட் வரும்வரை காலையில் முதல் தண்ணியை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள். குழந்தைக்குப் பால் கலக்க அதற்குப் பிறகு வருவதைப் பிடியுங்கள். தவணைக் கையெழுத்து? ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.