வளைவை முக்கோணத்தில் கற்கலாமா?

கணினி வரைகலை கற்க ஆரம்பிப்பவர் முதலில் வரைவது பெரும்பாலும் ஒரு பந்து. ஆனால் இன்றைய 3டி மென்பொருள்களில் பந்து கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது பந்து அல்ல, பந்து மாதிரி ஒட்டி வைத்த தட்டையான முகங்கள்! மேலே நிழல் பூசி வழவழப்பாகக் காட்டிவிடுகிறார்கள். ஓரத்தை உற்றுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், அங்கே கோணல் கோணலாகத் தெரியும்.

ரே டிரேசிங்கில் இந்த ஏமாற்று வேலை தேவையே இல்லை. கண்ணில் இருந்து திரையின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரை அனுப்பி, அது எந்தப் பொருளில் போய்ப் படுகிறது என்று கணக்குப் போடுவதுதான் அந்த முறை. பந்தைச் சொல்ல மையத்துக்கு மூன்று எண், ஆரத்துக்கு ஒன்று, ஆக நான்கே எண்கள். கதிர் எங்கே படும் என்பது பள்ளியில் படித்த அதே இருபடிச் சமன்பாடு. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு வளைவாகவே நிற்கும். 1980-ல் டர்னர் விட்டெட் வெளியிட்ட புகழ்பெற்ற படத்தில் இருப்பதும் கட்டம் போட்ட தரைக்கு மேல் இரண்டு பந்துகள்தான். அதை வரைய அன்றைய வாக்ஸ் கணினிக்கு 74 நிமிடம் ஆனது.

பிறகு ஏன் எல்லாரும் முக்கோணத்துக்குப் போனார்கள்? வேறென்ன, செலவுக் கணக்குதான்! உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள வளையம் என்றாலே நான்காம் படிச் சமன்பாடு வந்துவிடும். 1975-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் தன் வீட்டுத் தேநீர்க் கெண்டியை பெசியர் பரப்புகளால் உருவாக்கினார். ரெனால்ட் நிறுவனத்தில் கார் வடிவமைக்கப் பயன்பட்ட வளைவுகள் அவை. அப்படி ஒரு பரப்பில் கதிர் படும் இடத்தை நேரடியாகக் கண்டுபிடிக்கப் போனால் 18-ஆம் படிச் சமன்பாடு வந்து நிற்கும். இன்று புழங்கும் கெண்டியில் இப்படி 32 துண்டுகள். தலை சுற்றுகிறதா? முக்கோணம் என்றால் எந்தப் பொருளுக்கும் ஒரே கணக்கு. 2018-ல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ் அட்டைகளில் அந்தக் கணக்கு வன்பொருளிலேயே ஏறிவிட்டது.

படம் எடுக்கும் நிறுவனத்துக்கு இது சரி. கற்பவருக்கு? ஆயத்தமாகக் கிடைக்கும் உருவத்தை இறக்கிப் போடுகிறார். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில் படிக்கட்டு மாதிரி கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. வழவழப்பு வெறும் பூச்சு, அடியில் இருப்பது தட்டை என்பது தெரியாததால் இன்னும் பத்தாயிரம் முக்கோணம் சேர்க்கிறார். பழைய கணினியாக இருந்தால் அங்கேயே மூச்சு நின்றுவிடும்.

அவருக்கு பவ்-ரே போன்ற இலவச மென்பொருளே நல்ல ஆசிரியர். கிராபிக்ஸ் அட்டையே வேண்டாம். பெரிய பந்துக்குள் இருந்து சிறிய பந்தைக் கழித்து, மேல்பாதியை வெட்டினால் கிண்ணம். பாதி வடிவக் கோட்டைச் சுழற்றினால் பூச்சாடி. எல்லாம் சில வரிகள். (பெசியர் துண்டை மட்டும் பவ்-ரேயும் உள்ளுக்குள் முக்கோணமாக வெட்டித்தான் வரைகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

பழைய கணக்கு என்று ஒதுக்கவும் முடியாது. தலைமுடியை முக்கோணங்களால் செய்வது கட்டுப்படியாகாமல், 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ் 50 வரிசை அட்டைகளில் முடிக்கென்றே தனிக் கணக்கை வன்பொருளில் வைத்தார்கள். இழுத்து நீட்டிய பந்துதான் அது!