“அது நம்ம வேலையா?” என்று கேட்காதீர்கள்!

மெரினா கடற்கரையில் பள்ளிப் பிள்ளைகள் குப்பை பொறுக்கினால் பெற்றோருக்குப் பெருமை. கைதட்டுகிறார்கள்! அதே பிள்ளை வீட்டு வாசலில் துடைப்பத்தை எடுத்தால்? “வைடா கீழே! அது நம்ம வேலையா? அதுக்குத்தான் ஆள் வருதே!” என்று அதட்டல். குப்பை போடுவது நாம், அள்ளுவது வேறு சாதி என்ற விஷம் அன்றே பிஞ்சு மனதில் இறங்கிவிடுகிறது.

ஈரக் குப்பை, உலர்ந்த குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-ல் மத்திய அரசு விதி போட்டது. பிரிக்காமல் கொட்டினால், துப்புரவுத் தொழிலாளிதான் அதற்குள் கையை விட வேண்டும். உடைந்த கண்ணாடி கிழிப்பது அவர் கையை!

பெற்றோர்களே! வீட்டில் இரண்டு கூடை வையுங்கள். பிள்ளையோடு நீங்களும் உட்கார்ந்து பிரியுங்கள். மெரினாவுக்கு அப்புறம் போகலாம்!