பட்டியலில் ஏறுவது பலம் ஆகாது

உலகப் பொருளாதாரத்தின் கடிவாளம் மேற்கிலிருந்து கிழக்குக்கு வந்துவிட்டது என்ற பேச்சு, இன்று விவாதமே தேவையில்லாத செய்தியாகப் புழங்குகிறது. தொலைக்காட்சி அரங்குகளிலும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களிலும் கட்சி மேடைகளிலும் அதற்கு நான்கு சான்றுகள் அடுக்கப்படுகின்றன. இந்தியாவும் சீனாவும் ஜிடிபி பட்டியலில் ஏறிவிட்டன. 1700-இல் இருந்த நிலைக்கு வரலாறு திரும்புகிறது. டாலரின் காலம் முடிந்துவிட்டது. நெருக்கடியில் கடன் கொடுக்கும் கை இனி பெய்ஜிங்கின் கைதான். இந்த நான்கையும் நான் ஏற்கவில்லை. ஆசியாவின் வளர்ச்சி மெய். எத்தனையோ கோடிப் பேரை வறுமையிலிருந்து மீட்ட வளர்ச்சி அது. ஆனால் தன்னை விலக்கிவிட்டு மற்றவர்கள் காரியம் நடத்த முடியாதபடி எந்த ஊர் இருக்கிறதோ, அந்த ஊரில்தான் அதிகாரம் இருக்கிறது. அந்த ஊர்களின் வரிசையும் ஜிடிபி வரிசையும் வேறு வேறு.

பட்டியலை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்தியா ஜப்பானைத் தாண்டி நான்காவது பெரிய பொருளாதாரம் ஆகிவிட்டது என்று 2025 மே மாதம் நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அதிகாரி அறிவித்தார். ஏறத்தாழ 4 லட்சம் கோடி டாலர். அதை 140 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு 3,000 டாலரைத் தொடாது. ஜப்பானில் அது 30,000-ஐத் தாண்டும். இந்த வகுத்தலைப் பலர் சொல்லியாகிவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2019-இல் நடந்தது.

அப்போதே இந்தியா உலகின் முதல் ஏழு பொருளாதாரங்களுள் ஒன்று. நமக்குக் கச்சா எண்ணெய் தந்த முதன்மையான நாடுகளுள் ஈரானும் ஒன்று. விலைக்குத் தவணை கொடுத்தார்கள், கப்பல் கூலியில் சலுகை கொடுத்தார்கள், தூரமும் குறைவு. வாங்க நமக்கு விருப்பம், விற்க அவர்களுக்கு விருப்பம். அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்கா தன் தடையிலிருந்து தந்திருந்த விலக்கை நீட்டிக்க மறுத்தது. இந்தியா வாங்குவதை நிறுத்திக்கொண்டது. ஒரு போர்க்கப்பல்கூட நகரவில்லை. எண்ணெய் நிறுவனத்தின் வங்கிக்கும், கப்பலுக்குக் காப்பீடு தருகிறவருக்கும், அந்தக் காப்பீட்டுக்கு மறுகாப்பீடு தருகிறவருக்கும் டாலர் கணக்கு நியூயார்க் வழியாகத்தான் தீர்கிறது. அங்கே கதவு மூடப்பட்டால் அவர்கள் தொழிலே நின்றுபோகும். 2014-இல் பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கி, சூடான், ஈரான், கியூபா ஆகியவற்றோடு டாலரில் வரவு செலவு செய்ததற்காக அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 900 கோடி டாலர் கட்டியது. பிரான்சால் தன் வங்கியைக் காக்க முடியவில்லை. ஈரானோடு டாலரைத் தொடாமல் வணிகம் செய்ய ஐரோப்பிய நாடுகள் 2019-இல் இன்ஸ்டெக்ஸ் என்ற அமைப்பை உருவாக்கின. ஒரே ஒரு மருத்துவப் பொருள் பரிமாற்றத்தோடு 2023-இல் அதை மூடிவிட்டார்கள்.

ரஷ்ய எண்ணெயை மட்டும் துணிந்து வாங்கினோமே என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2022 டிசம்பரில் மேற்கு நாடுகள் கொண்டுவந்த விலை உச்சவரம்பின் நோக்கமே, ரஷ்ய எண்ணெய் சந்தைக்கு வந்துகொண்டும் இருக்க வேண்டும், ரஷ்யாவின் வருமானமும் குறைய வேண்டும் என்பதுதான். வாசல் திறந்து வைக்கப்பட்டிருந்ததால் நாம் நுழைந்தோம். 2025 அக்டோபரில் ரோஸ்நெஃப்ட், லூக்காயில் என்ற இரு பெரிய ரஷ்ய நிறுவனங்கள்மீது அமெரிக்கா நேரடித் தடை போட்டதும் இந்திய நிறுவனங்கள் சில வாங்குவதைக் குறைத்துக்கொண்டன. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அதே எண்ணெயைக் காரணம் காட்டி இந்தியப் பொருள்களுக்கான அமெரிக்க வரி 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. நான்காவது பெரிய பொருளாதாரம் என்ற பட்டம் அந்தப் பனியன் கம்பெனிகளில் தையல் எந்திரத்தின் முன் இருந்த ஒரு பெண்ணின் கூலியைக்கூடக் காப்பாற்றவில்லை.

இரண்டாவது சான்று வரலாறு. இதில் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வது இதைத்தான். பொருளியல் வரலாற்றாளர் ஆங்கஸ் மாடிசனின் மதிப்பீட்டின்படி 1700-இல் உலக உற்பத்தியில் கால் பங்குக்கு அருகே இந்தியாவினுடையது. 1820-இல் சீனாவின் பங்கு மூன்றில் ஒன்று. இதைச் சொல்கிறவர்கள் அடுத்து நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1757-இல் பிளாசிப் போர். 1765-இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனி என்ற ஒரு வணிக நிறுவனத்தின் கைக்குப் போனது. சீனா உலக உற்பத்தியின் மூன்றில் ஒரு பங்கை வைத்திருந்ததாகச் சொல்லப்படும் அந்த 1820-க்குப் பிறகு இருபது ஆண்டுகளில் அபினிப் போர் மூண்டது. 1842-இல் சீனா ஹாங்காங்கைப் பிரிட்டனுக்கு எழுதிக் கொடுத்தது. உலகில் மிகுதியாக உற்பத்தி செய்த இரண்டு நாடுகள்தாம் மிகுதியாக ஏமாந்தன. உற்பத்திப் பங்கே அதிகாரம் என்ற வாதத்தை இதைவிடத் தெளிவாக மறுக்கும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை.

சோழமண்டலக் கரையையே பாருங்கள். மசூலிப்பட்டினத்திலிருந்து பழவேற்காடு, நாகப்பட்டினம் வரை நெய்த துணிதான் தென்கிழக்காசியாவில் மிளகுக்கும் கிராம்புக்கும் விலையாகப் போனது. துணி இல்லாமல் டச்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் அந்தத் தீவுகளில் வணிகமே இல்லை. பருத்தி நம்முடையது, சாயம் நம்முடையது, கைத்திறன் நம்முடையது. ஆனால் நெசவாளிக்கு முன்பணம் கொடுத்தவன் கம்பெனியின் தரகன். அந்த முன்பணம் அவரை வேறு யாருக்கும் விற்க முடியாதபடி கட்டிப்போட்டது. லண்டனிடம் இருந்தது வேறு வகைச் சரக்கு: 1694-இல் தொடங்கிய பேங்க் ஆஃப் இங்கிலாந்து, பங்குகள் கைமாறும் சந்தை, கப்பலுக்குக் காப்பீடு எழுதிய லாயிட்ஸ் காபிக் கடை, குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கிப் போர் நடத்தும் அரசு. துணி எங்கே நெய்யப்படுகிறது என்பதைவிட, அதற்கான பணம் எங்கே திரட்டப்படுகிறது, கடலில் அதை யார் தடுக்க முடியும் என்பது கனமாக இருந்தது. அந்த நிலைக்குத் திரும்புவதை நான் ஏன் விரும்ப வேண்டும்?

மூன்றாவது, டாலர். நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் அதன் பங்கு 2000-ஆம் ஆண்டு வாக்கில் 70 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது, இப்போது 60-க்குக் கீழே வந்துவிட்டது. இது உண்மை. ஆனால் விட்ட இடத்தைச் சீன யுவான் பிடிக்கவில்லை. அதன் பங்கு 2 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஆஸ்திரேலிய டாலர், கனடா டாலர், தென்கொரிய வொன் போன்றவை கொஞ்சம் கொஞ்சம் பகிர்ந்துகொண்டன. உலக நாணயச் சந்தையில் நடக்கும் பரிமாற்றங்களில் பத்துக்கு ஒன்பதில் ஒரு பக்கம் டாலர். அந்தச் சந்தையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லண்டனில் நடக்கிறது; பேரரசை இழந்து எத்தனையோ ஆண்டுகள் கழிந்த லண்டனில்.

பிரிக்ஸ் நாணயம் என்று ஒன்று இல்லை. பிரிக்ஸ் நாடுகள் 2014-இல் நெருக்கடிக்கு உதவ 10,000 கோடி டாலர் நிதி ஏற்பாடு ஒன்றைச் செய்தன. அதில் ஒரு நாடு தனக்குரிய பங்கில் 30 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க வேண்டுமானால் முதலில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருக்க வேண்டும். வாஷிங்டனுக்கு மாற்றாக எழுப்பிய கட்டடத்தின் சாவியையும் வாஷிங்டனிலேயே வைத்தார்கள். ரஷ்யாவோடு ரூபாயில் வணிகம் செய்த கதையும் அப்படித்தான். இந்திய வங்கிகளில் பல நூறு கோடி ரூபாய் குவிந்து கிடக்கிறது, அதைக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை என்ற பொருள்பட ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் 2023 மே மாதம் கோவாவில் பேசினார். ஒரு நாணயத்தை ஏற்றுக்கொள்கிறவர், அதை அடுத்தவரிடம் கொடுத்து வேண்டியதை வாங்க முடிய வேண்டும். டாலரில் அது முடிகிறது.

இலங்கையின் துயரம் நான்காவது சான்றுக்குப் பதில். இதை நான் வெறும் உதாரணமாக எழுதவில்லை. 2022-இல் எரிவாயு உருளைக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்களில் நம் உறவுகள் உண்டு. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டு குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் 2017-இல் கொடுத்ததைக் காட்டி, கொழும்பின் கழுத்து பெய்ஜிங்கின் கையில் என்றார்கள். கடன் கொடுத்தவர்களில் சீனா பெரியது, மறுக்கவில்லை. ஆனால் அரசின் வெளிக்கடனில் மிகப் பெரிய தனிக் கூறு, நியூயார்க் சட்டத்தின்கீழ் விற்ற டாலர் பத்திரங்கள். சீன மத்திய வங்கியோடு 1,000 கோடி யுவானுக்கு நாணயப் பரிமாற்ற ஒப்பந்தமும் இருந்தது. பணம் தீர்ந்து, தீவு இருளில் கிடந்தபோது அதைத் தொட முடியவில்லை. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் எடுக்கலாம் என்று நிபந்தனை. அவ்வளவு கையிருப்பு இருந்திருந்தால் எதற்கு அந்த ஒப்பந்தம்? அவசரத்துக்கு இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. அந்த உதவி இல்லையென்றால் நிலைமை இன்னும் கொடியதாகியிருக்கும். ஆனாலும் கடன் கொடுத்தவர்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும், மின்கட்டணம் எவ்வளவு உயர வேண்டும் என்று கணக்குப் போட்டது நாணய நிதியம்தான். 2023 மார்ச்சில் அங்கே கையெழுத்தான ஏறத்தாழ 300 கோடி டாலரைவிட, அந்தக் கையெழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

அந்த நிதியத்தில் முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் 16 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. அது ஒன்றே தடுத்துவிடலாம். சீனாவுக்கு 6, இந்தியாவுக்கு மூன்றுக்கும் குறைவு. 2023 டிசம்பரில் பங்குத்தொகையை உயர்த்த ஒப்புதல் தந்தபோது எல்லோருக்கும் ஒரே விகிதம் என்றார்கள். ஆக, யாருடைய குரலும் கூடவில்லை.

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது, ஆனால் பேசப்படும் இடத்தில் இல்லை. நெதர்லாந்தின் வெல்ட்ஹோவன் சிற்றூரில் இருக்கும் ஏஎஸ்எம்எல் நிறுவனம் தவிர, மிக நுண்ணிய சிப்புகளை அச்சிடும் அதிதீவிரப் புறஊதா (EUV) எந்திரத்தை உலகில் யாரும் செய்து விற்பதில்லை. நெதர்லாந்தின் ஜிடிபி இந்தியாவினுடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அந்த எந்திரத்தில் ஒன்றைக்கூடச் சீனாவால் இதுவரை வாங்க முடியவில்லை. தைவானைத் தவிர்த்து உயர்ரகச் சிப் கிடைப்பது அரிது. 2022-இல் முடக்கப்பட்ட ரஷ்யக் கையிருப்பில் பெரும்பகுதி பிரஸ்ஸல்ஸில் யூரோகிளியர் என்ற பத்திரக் காப்பகத்தின் கணக்குகளில் மாட்டியது.

சீனாவும் தன் வாசலைக் கட்டிவிட்டது, ஜிடிபியால் கட்டவில்லை. அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு அங்கே நடக்கிறது. ஒரு காலத்தில் கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் முன்னணியில் இருந்தது. கழிவுநீர்ச் சிக்கலும் மலிவு விலைப் போட்டியும் சேர்ந்து அதை முடக்கின. சீனா அந்த அழுக்கைத் தன் பாவ்டோ நகரில் ஏற்றுக்கொண்டு, முப்பது ஆண்டு பொறுமையாகப் பிரிப்பையும் காந்த உற்பத்தியையும் வளர்த்தது. 2025 ஏப்ரலில் ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றதும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சில கார் ஆலைகள் தற்காலிகமாக நின்றன. மின்சார ஸ்கூட்டர் செய்யும் இந்திய நிறுவனங்கள் மோட்டாருக்குக் காந்தமின்றித் தவித்தன. வாஷிங்டன் பேச்சுவார்த்தைக்கு வந்ததில் இந்த உரிமத் தாளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அருமண் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி மணலிலும் மோனசைட் என்ற கனிமமாகக் கிடக்கிறது. ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டறிந்தது 1909-இல். விளக்கு வலைக்குத் தேவையான தோரியத்துக்காக மணலை அள்ளிக்கொண்டு போனார்கள். நூறாண்டுக்கு மேல் ஆகியும் அதிலிருந்து காந்தம் வரையிலான தொழில் இங்கே வேர்விடவில்லை. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது 2025 நவம்பரில்தான். கதிர்வீச்சையும் புற்றுநோயையும் அஞ்சி மணல் அள்ளுவதை எதிர்க்கும் அந்தக் கடற்கரை மக்களுக்கு அரசு இன்னும் நேர்மையான பதில் சொல்லவில்லை. பாவ்டோவின் வழியை அவர்கள் தலையில் கட்ட யாருக்கும் உரிமை இல்லை. ஜிடிபியில் இந்தியா நான்காவதா ஐந்தாவதா என்று வாதிடும் நேரத்தில், மண்ணையும் நீரையும் கெடுக்காமல் அருமண்ணைப் பிரிப்பது எப்படி, அந்த வேலையும் அதன் வருமானமும் மணவாளக்குறிச்சிக்காரர்களுக்கே சேர்வது எப்படி என்று நம் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பேசட்டும்.