பாலாற்று அபராதமும் பட்டா இல்லாதவர்களும்

பாலாற்றைத் தோல் கழிவால் நஞ்சாக்கிய ஆலைகள் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களுள் ஒன்று. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்னும் கோட்பாட்டை அது நாட்டின் சட்டமாக ஏற்றது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, அத்தொகையைத் தனி நிதியில் சேர்த்துப் பாதிக்கப்பட்டோருக்கு ஈடு வழங்கவும் சூழலை மீட்கவும் செலவிட ஆணையிட்டது. இழப்பீட்டையும் இரு தலைப்புகளில் கணக்கிடச் சொன்னது: ஒன்று சூழலை மீட்பதற்கு, மற்றொன்று தனிநபர்களுக்கு.

28 ஆண்டுகள் கழிந்த பின், 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே மண்ணைப் பற்றி மீண்டும் தீர்ப்பெழுத நேர்ந்தது. ஈடு கிடைக்காதோருக்கு அதனை வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. பணம் கட்டியதோடு பொறுப்பு முடிவதில்லை. சேதம் சரிசெய்யப்படும் வரை அது தொடரும் என்றும் தெளிவுபடுத்தியது.

இந்த இரு தலைப்புகளுக்கு இடையில்தான் தலித் மக்களின் கேள்வி நிற்கிறது. தனிநபர் இழப்பை அளக்க அதிகாரிகளுக்கு எளிய வழி நிலம். பட்டா உண்டு, ஏக்கர் உண்டு, விளைச்சல் கணக்கு உண்டு. நிலமற்ற கூலித் தொழிலாளியிடம் இவற்றில் எதுவும் இல்லை. வயல் பாழானபோது அவர் வேலையை இழந்தார். கிணறு கெட்டபோது குடிநீருக்காகக் குடம் சுமந்தார். தோல் பதனிடும் ஆலைக்குள்ளும் இரசாயனத் தொட்டியருகே நின்றவர் பெரும்பாலும் அவரே. இந்த இழப்புகளைப் பதிவு செய்யும் படிவம் எந்த வட்டாட்சியர் அலுவலகத்திலும் இல்லை.

ஆகவே, நிலமற்றவரைச் சென்றடைய எஞ்சியிருக்கும் வழி, அபராதப் பணத்தில் நடக்கும் பொதுத் திட்டங்களே: சேரிக்குத் தூய குடிநீர், குளம் மீட்பு, மண் சீரமைப்பு, மருத்துவப் பரிசோதனை. அந்தத் திட்டங்களை முடிவு செய்பவர் யார்?

தூத்துக்குடியின் அனுபவம் இதற்கு விடை தருகிறது. 2013 ஏப்ரல் 2 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்த உச்ச நீதிமன்றம், அதை மாவட்ட ஆட்சியரிடம் செலுத்தி, வங்கியில் வைப்புத்தொகையாக வைத்து, வட்டியைச் சுற்றுப்புற நீரையும் மண்ணையும் மேம்படுத்தச் செலவிடச் சொன்னது. ஆட்சியர் திட்டமிட வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலோசனை கூற வேண்டும், சுற்றுச்சூழல் துறைச் செயலர் ஒப்புதல் தர வேண்டும். அந்த ஏற்பாட்டில் பாதிக்கப்பட்ட ஊராருக்கு ஓர் இருக்கைகூட இல்லை.

மற்றோர் ஆபத்தும் உண்டு. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவிலிருந்த சிறைத் தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாற்றிவிட்டது. பெரிய ஆலைக்கு இது உற்பத்திச் செலவில் ஒரு வரி. எனவே நாம் அபராதத்தோடு நிற்கக் கூடாது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பயன்படுத்தும் நீர்நிலையைப் பயன்பாட்டுக்கு உதவாதவாறு கெடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(x) பிரிவின்படி குற்றம். அந்தப் பிரிவு இன்னும் நம் கையில் இருக்கிறது.

கோரிக்கைகள் மூன்று. மாசுபட்ட பகுதி ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு தொடங்கி, வரவு செலவைத் தமிழில் வெளியிட வேண்டும். இழப்பைக் கணக்கிடும்போது நிலத்தோடு இழந்த வேலை நாள்களையும் கெட்ட குடிநீரையும் நோயையும் சேர்க்க வேண்டும். எந்தத் திட்டமும் கிராம சபையின் முன் வைக்கப்படுவதற்கு முன்னர், தலித் குடியிருப்பிலேயே கூட்டம் நடத்தி, பெண்கள் உட்பட அங்குள்ளோரின் ஒப்புதலைப் பெற வேண்டும். பாலாற்றுப் படுகையின் மாணவர்கள் இதைத் தகவல் அறியும் உரிமை மனுவிலிருந்தே தொடங்கலாம்: தம் ஊரின் பெயரில் எவ்வளவு அபராதம் வசூலானது, அது எங்கே இருக்கிறது?