ஸைத்தூன் கன்று வாங்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். ஆனாலும் ஊருக்குத் தேவையான விஷயம், பொறுமையாக வாசியுங்கள்.

அண்மைக் காலமாக நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் "ஸைத்தூன் கன்று விற்பனைக்கு" என்று விளம்பரம் வருகிறது. பள்ளிவாசல் முற்றத்தில் நடவும், மௌத்தானவர்கள் பெயரில் ஸதகாவாகக் கொடுக்கவும் நம்மவர்கள் ஆசையோடு வாங்குகிறார்கள். அல்குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட மரம் என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் காசு கொடுக்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது ஸைத்தூன்தானா? ஸைத்தூனாகவே இருந்தாலும் புத்தளத்தில் காய்க்குமா?

முதல் கேள்வி. பாடசாலை வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு விற்கும் வெரளிக்காயை ஆங்கிலத்தில் "சிலோன் ஒலிவ்" என்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அதன் விஞ்ஞானப் பெயரான எலியோகார்பஸ் என்பதற்கும் "ஒலிவ் போன்ற காய்" என்றே பொருள். காய் பார்வைக்கு ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். வெரளு ருத்திராட்ச மரத்தின் இனம். ஸைத்தூனின் உண்மையான சொந்தக்காரர் நம் வேலியோரத்தில் நிற்கிறது: மல்லிகை! இரண்டும் ஒரே குடும்பம்.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. ஸைத்தூன் இலைகள் கிளையில் இரண்டு இரண்டாக, எதிரெதிரே இருக்கும். இலை ஒடுக்கமாக, தடிப்பாக, விளிம்பில் பல் இல்லாமல் இருக்கும். மேற்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெள்ளி நிறம். வெரளு இலை அப்படியல்ல. ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வரும், விளிம்பில் வாள்பல் போல வெட்டுகள் இருக்கும், முதிர்ந்த இலை விழுமுன் சிவக்கும். கன்றைக் கையில் எடுத்து இலையைத் திருப்பிப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஸைத்தூன் எப்போதும் பச்சையாக நிற்கும் மரம். வெயிலைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், ஓரளவு உப்பையும் தாங்கும். தண்ணீர் தேங்காத கற்பிட்டி மணலில் உயிரோடு நிற்கவும் கூடும். ஆனால் பூக்க வேண்டுமானால் அதற்குக் குளிர்காலம் வேண்டும். 10 பாகையை ஒட்டிய குளிர் பல வாரங்கள் கிடைத்தால்தான் மொட்டு கட்டும். நம் ஊரில் மார்கழி இரவுகூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இந்தியாவின் ராஜஸ்தானில் 2007 இல் அரசே நிறுவனம் தொடங்கி ஸைத்தூன் பயிரிட்டது. பாலைவனத்தில் வளர்கிறதே என்பார்கள். அந்தப் பாலைவனத்தின் பிக்கானேரில் ஜனவரி இரவு 10 பாகைக்குக் கீழே போகும். குறைந்த குளிரே போதும் என்று சொல்லப்படும் இனங்களுக்கும் கொஞ்சக் குளிராவது வேண்டும்.

ஆகவே இங்கே நடும் ஸைத்தூன் பெரும்பாலும் இலையோடு நின்றுவிடும். அழகுக்கு ஒரு சட்டியில் வளர்ப்பவரை நான் தடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு இலையைக் காட்டிப் பாடம் நடத்தலாம். "மூன்று வருடத்தில் காய்க்கும்" என்று சொல்லி விற்பதைத்தான் ஏற்க முடியாது. பொருளின் குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் கூடாது என்பது வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்குத் தெரியாததல்ல. காய்க்காது என்று சொல்லி விற்கட்டும். அதற்குப் பிறகும் விரும்புபவர் வாங்கட்டும்.

ஒருவர் நட்ட மரத்தில் மனிதனோ பறவையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்று படித்திருக்கிறோம். அப்படியானால் காய்க்கும் மரத்தையல்லவா தேட வேண்டும்? ஸுன்னாவோடு தொடர்புள்ள மரம்தான் வேண்டும் என்றால் வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. மிஸ்வாக் குச்சி தரும் அராக் மரம் நம் வறண்ட கரையோரப் புதர்க்காட்டில் இயற்கையாகவே வளர்கிறது. தமிழில் உகாய், சிங்களத்தில் மலித்தன். உப்புக் காற்றுக்கும் உவர் மண்ணுக்கும் அசையாது. இதன் இலையும் எதிரெதிராகத்தான் வரும், ஆனால் சதைப்பற்றானது, இரு பக்கமும் பச்சை. கசக்கினால் கடுகுக் காரம் தெரியும். சிறு பழங்களைக் குருவிகள் விரும்பி உண்ணும். இதுவும் ஸைத்தூன் குடும்பமல்ல, ஆனால் நம் மண்ணின் பிள்ளை. பழத்தின் சதையைக் கழுவி நீக்கிவிட்டு, விதை காயுமுன் ஊன்ற வேண்டும். மெதுவாகத்தான் வளரும். குச்சிக்காக வேரோடு தோண்டாமல் கிளையை வெட்டினால் மரம் பிழைக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: வரும் ஐப்பசி மழைக்கு முன் ஸைத்தூனுக்கு ஒதுக்கிய காசில் உகாய், வேம்பு, பனை நடுவோம். நிழலும் பழமும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் மாவட்டத்தில் காய்த்த ஸைத்தூன் யாரிடமாவது இருந்தால் காயையும் இலையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக் கீழே போடுங்கள். பார்த்து நாங்களும் சந்தோஷப்படுவோம்.